மேடத்தின் சனிக்கிழமை விரதம்

ஒருவர் தன் உடம்புக்குப் போட்டுக்கொள்ளும் மருந்தைப் பற்றி அடுத்தவரிடம் சொல்லித்தான் ஆகவேண்டுமா? அந்த அடுத்தவர் அவரைப் பார்த்துப் பட்டினி கிடக்கிறார் என்றால்? மூன்று வாரமாக இந்தக் கேள்வியோடுதான் சோறு வடிக்கிறேன், குழந்தையைக் குளிப்பாட்டுகிறேன். விடை கிடைக்கவில்லை. அதற்குள் என்னோடு உணவுப் பயிற்சிக்கு வரும் போலகத்து அக்கா மூன்று சனிக்கிழமைகள் விரதம் இருந்துவிட்டார். அவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்.

மகள் பிறந்தபோது ஏறிய எடை எனக்கு இறங்கவே இல்லை. அவளுக்கு இப்போது ஒன்றே முக்கால் வயது, இன்னும் பால் குடிக்கிறாள். பிரசவத்துக்கு முன் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். அப்போது உடுத்திய சுடிதார் எதுவும் இப்போது தோளைத் தாண்டுவதில்லை. அதனால் வரிச்சிக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் காரைக்காலுக்குப் போய், ஒரு மேடம் தன் வீட்டு மாடியில் நடத்தும் உணவுப் பயிற்சியில் சேர்ந்தேன். வாசலில் பச்சை எழுத்தில் ஒரு பலகை: ‘மருந்தில்லை, மாத்திரையில்லை, உணவே போதும்.’ ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எடை பார்ப்பார்கள். மற்ற நாட்களில் மூன்று வேளையும் தட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று எடை நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார் மேடம்.

நான் சேர்ந்தபோது மேடமும் பருமனாகத்தான் இருந்தார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. நம்மைப் போல ஒருவர் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நாலைந்து மாதத்தில் அவர் இளைத்துப்போனார். ரவிக்கையின் கை தொளதொளத்தது, கன்னம் உள்ளே போனது. எல்லோரும் கேட்டோம். மேடம் சிரித்தார்.

“வாரத்துல ஒரு நாள் வயித்துக்கு லீவு விடுங்க. நான் சனிக்கிழமை விடுறேன். மோர் மட்டும்தான். ஞாயித்துக்கிழமை மெஷின்ல ஏறிப் பாருங்க, அது சொல்லும்.”

எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை ஒருத்தி சாப்பிடவில்லை என்றால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. திருநள்ளாறு பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது சனிக்கிழமை ஒரு பொழுது இருப்பார்கள். காக்கைக்கு எள்ளுச்சோறு வைத்து, அது வந்து கொத்திய பிறகு ஒரு வேளை சாப்பிடுவார்கள். மேடம் அந்த ஒரு வேளையையும் விட்டுவிட்டார் என்றதும் குழுவில் அவருக்கு மரியாதை கூடித்தான் போனது.

நானும் இருந்து பார்த்தேன். மூன்று சனிக்கிழமை. பகலில் பால் சுரக்கவில்லையோ என்று தோன்றியது. மகள் இழுத்து இழுத்து அழுதாள். ஞாயிறு அரைக் கிலோ குறையும், புதன்கிழமைக்குள் திரும்பி வந்துவிடும். தப்பு என்னிடம்தான் என்று நினைத்தேன். மகள் கிண்ணத்தில் மிச்சம் வைக்கும் தயிர்ச்சோற்றை வழித்து வாயில் போட்டுக்கொள்வதை மேடத்திடம் ஒப்புக்கொண்டேன்.

“புள்ள வச்ச மிச்சம் உடம்புல ஒட்டாதுன்னு நினைச்சீங்களாக்கும்? கெமிஸ்ட்ரி படிச்சவங்கதானே நீங்க?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவர்தான் போலகத்து அக்கா. வீட்டில் ரவிக்கை தைப்பவர். முழங்கால் வலிக்கு எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி மாடிப்படி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நிற்பார். அவரும் சனிக்கிழமை விரதத்தைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு மட்டும் எடை இறங்கியது. நோட்டில் நான் எண்ணை எழுதும்போது எட்டிப் பார்த்து, “தங்கச்சி, அதை நல்லா பெருசா எழுது” என்பார்.

இதற்கிடையில் பயிற்சியே மாறத் தொடங்கியது. வாசல் பலகை ஒரு நாள் காணாமல் போனது. புதுப் பலகையில் ‘மருத்துவ ஆலோசனையுடன்’ என்ற வார்த்தை வந்திருந்தது. பசியைக் குறைக்கிற ஊசி இப்போது நம் ஊர் மருந்துக்கடைகளிலும் கிடைக்கிறது, வாரம் ஒன்று போதும், உணவால் முடியாதவர்கள் அதைப் போட்டுக்கொள்ளலாம், டாக்டரிடம் நானே அனுப்பிவைக்கிறேன் என்றார் மேடம். வாட்ஸ்அப் குழு இரண்டானது. எடை நோட்டுக்காக என்னை இரண்டிலும் சேர்த்தார்கள். அதனால் இரண்டு மேடத்தைப் பார்த்தேன். எங்கள் குழுவில், “இது என்ன இட்லியா, தலையணையா?” என்று திட்டுவார். ஊசிக் குழுவிலோ கெஞ்சுவார்: “ஒரு முட்டையாவது சாப்பிடுங்கம்மா. பருப்ப மிச்சம் வைக்காதீங்க. சத்து போச்சுன்னா முடி கொட்டும்.” அங்கே வரும் படங்களில் தட்டு பாதி அப்படியே இருக்கும். நாங்கள் கணக்குப் பார்த்துப் பார்த்து ஒதுக்கிய சோற்றை அவர்கள் வேண்டாமென்று தள்ளியிருந்தார்கள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. நானும் கேட்டேன். “பால் குடுக்குறவங்களுக்குக் கூடாது. நிறுத்திட்டு வாங்க, டாக்டர்ட்ட பேசலாம்” என்றார். அன்று முழுக்க, மகளுக்குப் பாலை மறக்கடிக்க வேப்பிலையை அரைத்துத் தடவலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கொல்லையில் போய் இலையைப் பறித்தும் வந்தேன். அரைக்கவில்லை. ஆனால் பறித்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் குழுவில் மேடம் போடும் தன் தட்டுப் படங்களைப் பழைய தேதியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நல்ல வேலையா இது, எனக்கே தெரியவில்லை. முதல் மாதங்களில் தட்டு காலியாக இருந்தது. பிறகு வந்த படங்களில் பாதி தோசை, பாதி முட்டை, தொடாத கூட்டு. ஊசிக் குழுவின் தட்டுகளைப் போலவே இருந்தன. மேடமோ எங்களிடம், “நான் ஊசி இல்லாமத்தான் இறக்குனேன். மனசு வச்சா எல்லாராலயும் முடியும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுத்த மாத உணவு அட்டவணையைத் தட்டச்சு செய்துதரப் போயிருந்தேன். மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்த அவசரம். மேடம் உள்ளே போனில் பேசிக்கொண்டே, “ஃப்ரிட்ஜ்ல மோர் இருக்கு, எடுத்துக் குடிங்க” என்றார். திறந்தேன். கதவில் முட்டை வைக்கும் தட்டுக்கு மேலே அந்தப் பெட்டி இருந்தது. ஊசிக் குழுவில் அதன் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மருந்துக்கடைச் சீட்டில் மேடத்தின் பெயர். பார்த்தேனே தவிர மூடத் தோன்றவில்லை. ஃப்ரிட்ஜ் சத்தம் போட ஆரம்பித்ததும் மேடம் வந்து நின்றார்.

“அது என் சுகருக்கு” என்றார் முதலில்.

நான் கேட்கவே இல்லையே, எதற்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அவரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சுகர் கொஞ்சம் இருக்கு, பொய்யில்ல. ஆனா எடைக்குந்தான் போடுறேன். டாக்டர் பார்த்துத்தான் குடுத்தாரு. ஏழு மாசம் ஆச்சு.”

“சனிக்கிழமை விரதம், மேடம்?”

“வெள்ளிக்கிழமை ராத்திரி போட்டா மறுநாள் பூரா சாப்பாட்டப் பார்த்தாலே குமட்டுது. மத்த நாள்ல சாப்பிடலன்னா ஏன் ஏன்னு கேப்பாங்க. சனிக்கிழமைன்னா யாரு கேக்கப்போறா?”

பசியே இல்லாத ஒருவரைப் பார்த்தா நாங்கள் பசியோடு கிடந்தோம்?

“எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே.”

“எப்படிச் சொல்ல? பத்து வருஷமா கீரையும் பயறும் சொல்லிக்குடுத்துட்டு வர்றேன். நானே ஊசி போடுறேன்னா என் கீரைய எவ நம்புவா? அப்புறம் எல்லாரும் ஊசிக்குத்தான் ஓடுவாங்க. பாதிப் பேருக்கு அது தேவையே இல்ல.” பிறகு, “உங்கள நம்பிச் சொல்றேன், வெளிய போவக்கூடாது” என்றார்.

தலையாட்டினேன். நான் தலையாட்டிப் பழகியவள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

“அவங்க உடம்பு, அவங்க ஊசி. உனக்கு என்னா வந்துச்சு?”

“பொய்தானே சொல்றாங்க?”

“நீ எடை குறையலங்கற கடுப்புல பேசுற” என்றார். அவர் சொன்னது முழுப் பொய் என்று என்னால் சொல்லமுடியவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் சனிக்கிழமை சும்மா போனது.

அடுத்த சனிக்கிழமை போலகத்து அக்கா மயங்கி விழுந்தார். அவர் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. போன் செய்தபோது விஷயத்தைச் சொல்லிச் சிரித்தார்.

“ஒண்ணுமில்ல தங்கச்சி. காலையில சுகர் மாத்திரையப் போட்டுட்டேன். மதியம் சோறு வச்சுட்டு காக்காய்க்குக் கத்துறேன், கத்துறேன், வரவே மாட்டேங்குது. அது கொத்தாம மோரக்கூட வாயில வைக்கக்கூடாதுல்ல. பக்கத்து வீட்டுல கருவாடு காயுது, எல்லாம் அங்க நிக்குதுவ. கை நடுங்குச்சு, வேர்த்துக் கொட்டுச்சு. கண்ணு முழிச்சுப் பார்த்தா தையல் மெஷின் பக்கத்துல கெடக்கேன். மருமவ வாயில சீனியக் கொட்டிட்டா.”

“சாப்பிடாதப்ப மாத்திரை எதுக்குக்கா போட்டீங்க?”

“மாத்திரை சாப்பாட்டுல சேராதே. விரதம் கெடாது.”

போன வாரமே எனக்குத் தெரியும். சர்க்கரை குறைந்தால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். அதை ஒரு காலத்தில் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இனி விரதம் வேண்டாம், மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிடவேண்டும், நாளைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன்.

“டாக்டர்ட்ட போயி விரதத்தப் பத்திக் கேப்பாங்களா? மேடத்துக்கும்தான் சுகர் கொஞ்சம் இருக்காம், அவங்களே சொன்னாங்க. வெறும் மோரோட இருக்கலையா? நாலு கிலோ இறங்கியிருக்கு. இப்ப மாடிப்படி ஒரே மூச்சுல ஏறுறேன், பாத்தல்ல?”

பார்த்தேன். அதுதான் கஷ்டம். அவருக்கு அது நிஜமாகவே நல்லது செய்திருக்கிறது.

அன்று சாயங்காலமே மேடத்திடம் ஓடினேன். அவர் பதறித்தான் போனார். நான் நினைத்த மாதிரி கல்நெஞ்சம் இல்லை. என் முன்னாலேயே குழுவில் குரல்பதிவு போட்டார்: சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாரும் விரதம் இருக்கக்கூடாது, வேளைக்குச் சாப்பிடவேண்டும். அக்காவை அழைத்தும் சொன்னார்.

“நீங்க ஊசி போடுறத அவங்ககிட்ட மட்டுமாவது சொல்லிடுங்க மேடம்” என்றேன்.

“அவங்கள சாப்பிட வைக்க அது எதுக்கு? அதான் சொல்லிட்டேனே” என்றார். எழுந்து ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று ஒரு தரம் தள்ளிப் பார்த்தார்.

மேடம் சொல்லியும் அக்கா கேட்கவில்லை. போன சனிக்கிழமை மதியம் மனசு கேட்காமல், மகளை முன்னால் நிற்கவைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் போலகம் போனேன். அக்கா தைத்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. அடுப்பில் எதுவும் இல்லை.

“மேடமே வேணாம்னு சொன்னாங்களேக்கா?”

“நம்ம மேல இரக்கப்பட்டுச் சொல்றாங்க, நல்ல மனசு. அவங்க மட்டும் இருப்பாங்களாம், நான் மட்டும் கொட்டிக்கணுமாம்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “இந்த வாட்டி மாத்திரைய நிறுத்திட்டேன். இப்ப சரிதானே?”

சரியில்லை என்று தெரியும். கொண்டுபோயிருந்த இட்லியைப் பிரித்து வைத்தேன். என் மகள் ஒன்றைப் பிய்த்து அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். அதற்காக ஒரு வாய் வாங்கிக்கொண்டார். மீதியைச் சாப்பிடவில்லை. மேடம் ஊசி போடுகிறார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அவர் கேட்டார்: “ஏன் தங்கச்சி, அந்த ஊசி ஊசிங்கறாங்களே, அதைக் கடையில சும்மா கேட்டா குடுப்பாங்களா?”

நான் அப்படியே மூடிக்கொண்டேன். சொன்னால், விரதத்தை விட்டுவிட்டு டாக்டரையும் கேட்காமல் ஊசிக்குப் போய்விடுவாரோ? சொல்லாவிட்டால், அடுத்த சனிக்கிழமை மருமகள் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டால்? மருமகளிடம் மாத்திரையைப் பற்றியும் சீனியைப் பற்றியும் தனியாகச் சொல்லிவிட்டு வந்தேன். டாக்டரிடம் கூட்டிப்போகவும் சொன்னேன். “அத்தை யாரு பேச்சக் கேக்குறாங்க?” என்றாள் அவள்.

இன்று செவ்வாய்க்கிழமை. மேடத்தை மறுபடி கேட்டுப் பார்த்தேன். போனை எடுக்கவில்லை. அக்காவை நானே டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்றால், தீபாவளித் துணி தைக்கவேண்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார். அடுத்தவர் சொன்ன ரகசியத்தைக் காப்பாற்றுவதா, உடைப்பதா என்று இதுவரை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உடைக்க ஆசைப்படுவது அக்காவுக்காகவா, என் ஆத்திரத்துக்காகவா என்பதிலும் எனக்கு உறுதியில்லை. இதைப் படிக்கிறவர்களில் சர்க்கரையோடு விரதம் இருந்து பிறகு நிறுத்தியவர்கள் இருக்கலாம், வீட்டில் ஒருவரை நிறுத்தவைத்தவர்கள் இருக்கலாம். எதைச் சொன்னபோது அவர்கள் பேச்சைக் கேட்டு நிறுத்தினார்கள்? மேடத்தின் பேச்சை எடுக்காமலே அக்காவைச் சாப்பிடவைக்க ஏதாவது வழி உண்டா, இல்லை சொல்லித்தான் ஆகவேண்டுமா? சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.