கால் நீட்ட இடம்

சின்ன ஜெட் விமானத்தில் அடிக்கடி போகிறவர்களிடம் போய், அது சௌகரியமா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் இறங்கிப் பெட்டி வரும் வரைக்கும் பேசுவார்கள். நானும் அப்படிப் பேசிக்கொண்டிருந்தவன்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்ரசர் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு சர்வீஸ் வேலை. ஆந்திராவில் சிமெண்ட் ஆலைகள் சூழ்ந்த ஒரு ஊருக்கு, மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது போக வேண்டியிருக்கும். அந்த ஊருக்குப் பெரிய விமானம் கிடையாது. ஐம்பது பேர் ஏறுகிற ஜெட் ஒன்றுதான் காலையில் போய்விட்டு வரும்.

இடது பக்கம் ஒற்றை இருக்கை, வலது பக்கம் இரட்டை, நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்கு வழி. கொஞ்சம் பெரிய பையாக இருந்தால் மேலே வைக்க முடியாது, படிக்கட்டிலேயே வாங்கிக்கொண்டு இறங்கும்போது படிக்கட்டிலேயே திருப்பித் தருவார்கள். ஜன்னல் பக்கச் சுவர் உள்பக்கமாக வளைந்து வந்து தோளில் இடிக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்தால் என்ஜின் காதுக்குள்ளேயே ஓடும்.

எங்களோடு வழக்கமாக வரும் ஒரு சிறுநீரக டாக்டர், முன்பக்க ஒற்றை இருக்கைக்கு ஈடு இணை கிடையாது என்பார். பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் தங்கள் கிரியேட்டினினைப் பற்றிக் கேட்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. எனக்கு அந்த விமானத்தின் மேல் பெரிய குறை இருந்ததில்லை. நான் ஐந்தடியைக் கொஞ்சம் தாண்டியவன். என் முட்டிக்கும் முன் இருக்கைக்கும் நடுவில் ஒரு டிபன் பாக்ஸ் வைக்கலாம்.

குறையெல்லாம் என் நண்பனுக்குத்தான். பாடியில் ஒரு தொழிற்சாலையில் இருவரும் ஒன்றாக அப்ரண்டிஸாகச் சேர்ந்தோம். பிறகு ஒன்றாகவே எஸ்டேட்டுக்கு மாறினோம். அவன் ஆறடிக்கு மேல். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் கேண்டீனில் சிரிப்பார்கள். விமானத்தில் நுழையும்போதே அவன் கழுத்தை மடக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும், இருக்கை வரைக்கும் கூனிக்கொண்டுதான் நடக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு பிரச்சினை காலுக்கு இறங்கும். இரண்டு முட்டியும் முன் இருக்கையில் அழுந்தி நிற்கும். வழியோர இருக்கையை வாங்கி, ஒரு காலை நடைபாதையில் நீட்டி வைப்பான். பணிப்பெண் தண்ணீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் இழுத்துக்கொள்வான். வண்டி போனதும் மறுபடி நீட்டுவான். பயணம் முழுக்க அவனுக்கு இதுதான் வேலை.

"உனக்கு இன்னாடா மச்சான், நீ ஆஃப் டிக்கெட்டு. இத்த கட்டனவன் கால் இல்லாதவனா இருப்பான். நாலு பேர கொறச்சிட்டு கால் நீட்ட எடம் உட்டா இவனுங்க சொத்தா அழிஞ்சிடும்?"

"கம்பெனி டிக்கெட்டு. தானமா வந்த மாட்ட பல்லப் புடிச்சி பாக்காத" என்பேன்.

"மாடுன்னாலும் கால நீட்டிக்கினு படுக்கும்டா" என்பான்.

நடுவில் அவசர வழிக்குப் பக்கத்து வரிசையில் இடம் தாராளமாக இருக்கும். ஆனால் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், கம்பெனி தராது. சொந்தக் காசைப் போட அவனுக்கு மனம் வராது. கல்லூரியில் படிக்கும் மகளை வைத்துக்கொண்டு முட்டிக்கு யார் செலவு செய்வார்கள் என்பான். திரும்பி வரும்போது டாக்சியை இருவரும் பங்கு போட்டுக்கொள்வோம். பூந்தமல்லி தாண்டி சென்னீர்குப்பத்தில் ஒரு டீக்கடை முன் நிறுத்தச் சொல்லி இறங்குவான். கடைக்காரர் டீ ஆற்றுவதற்குள், ரோட்டோரம் நின்று ஒவ்வொரு காலாக உதறுவான். ஆவடியில் நான் இறங்கிக்கொள்வேன். அவன் நெமிலிச்சேரி வரை போக வேண்டும்.

இன்னொரு பழக்கமும் அவனுக்கு இருந்தது. விமானம் தரையைத் தொட்டு நின்றதும், எல்லோரும் எழுந்து நெருக்கியடிக்கும்போது, இவன் உட்கார்ந்தபடியே முட்டியைத் தேய்த்துக்கொண்டு மனைவிக்கு போன் போடுவான். அதுவரை திட்டிக்கொண்டிருந்த வாய், போனில் அப்படியே மாறிவிடும். "வந்துட்டேன்மா. ஆ, சௌகரியமாத்தான் வந்தேன்." எல்லோரும் வீட்டுக்குச் சொல்கிற பேச்சுதானே என்று நான் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

கடைசிப் பயணத்தில் அவன் விமானத்தைத் திட்டவே இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான். நான்தான் சீண்டினேன்.

"இன்னா, இன்னிக்கு முட்டி இடிக்கலயா?"

"பழகிட்ச்சு மச்சான்" என்றான்.

மறுநாள் காலை ஆலையின் விருந்தினர் விடுதியில், இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, நெஞ்சை அடைக்கிறது என்றான். சட்டை முழுக்க வேர்வை. ஆலையின் ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு போனோம். அந்த ஊர் பெரிய ஆஸ்பத்திரியில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. அங்கிருந்த டாக்டர் வெளியே வந்து தெலுங்கில் சொன்னார். எனக்குத் தெரிந்த தெலுங்கு கம்ப்ரசர் பழுது பார்க்கும் அளவுக்குத்தான், ஆனாலும் அது புரிந்தது.

முதலில் அவன் மைத்துனரிடம் சொன்னேன். அவர் அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு, போனை அவன் மனைவியிடம் கொடுத்தார். அழுகையை எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அழவில்லை.

"எப்பண்ணா கூட்டினு வருவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நாளைக்கு காலைல ப்ளேன்லம்மா. பதினோரு மணிக்கெல்லாம் ஊட்ல இருப்பாரு."

யாரையும் கேட்காமல் சொல்லிவிட்டேன். அந்த விமானத்தில் எத்தனை வருஷமாகப் போய் வருகிறவன். எந்த இருக்கையில் குளிர்காற்று நேராக மண்டையில் அடிக்கும், எந்த ஜன்னலின் மறைப்பு இறங்காது என்பது வரை தெரியும். போன மாதிரியே அவனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் சொன்ன வார்த்தையை நம்பி அவர்கள் மாதா கோயிலில் சாமியாரிடம் பேசிவிட்டார்கள். மறுநாள் மூன்று மணிக்கு அடக்கம், அதற்கு முன் பூசை. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் சொல்லியாகிவிட்டது. வேளாங்கண்ணியிலிருந்து அவன் அக்கா புறப்பட்டுவிட்டார். பதினோரு மணிக்கு வந்தால் சில மணி நேரமாவது அவன் தன் வீட்டுக் கூடத்தில் இருப்பான் என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றினார்கள். பேப்பர்கள் வாங்கினோம். சவப்பெட்டிக் கடையில் தயாராக இருந்த பெட்டி எதுவும் அவனுக்குப் போதவில்லை. முட்டியைக் கொஞ்சம் மடக்கினால் போதும், வைத்துவிடலாம் என்றார் கடைக்காரர். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. மடக்கக் கூடாது என்றேன். புதிதாக நீளப்பெட்டி செய்யச் சொல்லி, ஆணி அடித்து முடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.

காலையில் ஆம்புலன்ஸில் விமான நிலையத்துக்குப் போனோம். சரக்குப் பிரிவில் இருந்தவர் பேப்பர்களைப் பார்க்கவே இல்லை. வண்டியிலிருந்த பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, இந்த விமானத்தில் உடல் ஏற்ற மாட்டார்கள் என்றார். சரக்கு அறையின் கதவு சின்னது, பெட்டி உள்ளே திரும்பாது, பெரிய விமானம் வேண்டுமென்றால் ஹைதராபாத்துக்குத்தான் போக வேண்டும் என்றார். நான் கெஞ்சினேன், பிறகு சத்தம் போட்டேன், பிறகு மறுபடி கெஞ்சினேன். சரக்கு அறை அந்த விமானத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இருக்கைகள்தான். அவர் என்ன செய்வார் பாவம், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

வெளியே வந்தபோது எங்களோடு வழக்கமாக வரும் சிறுநீரக டாக்டர் பையை உருட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"எங்கே சார் நம்ம நெட்டையார்?" என்று கேட்டார்.

ஆம்புலன்ஸைக் காட்டினேன். அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் பையை அங்கேயே விட்டுவிட்டு வண்டியருகே போய் நின்றார். பிறகு என் கையைப் பிடித்துவிட்டுப் போனார். எங்கள் வண்டி கிளம்புவதற்குள் விமானம் தலைக்கு மேல் போய்விட்டது. அதில் எங்கள் இருவருக்கும் இடம் போட்டிருந்தது. பெட்டி சரக்கில்தான் போகும் என்று தெரிந்தும் அவன் இருக்கை டிக்கெட்டை ரத்து செய்யக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஹைதராபாத் எதிர்த்திசை. அங்கே போய், இடம் கிடைத்து, பறந்து வருவதற்குள் நேராக ரோட்டிலேயே போய்விடலாம் என்றார் ஓட்டுநர். மைத்துனருக்கு போன் செய்தேன். அவர் யாரிடமோ மணி கேட்பது காதில் விழுந்தது. பிறகு, "சாமியார்கிட்ட நான் சொல்லிக்கிறேன். இருட்றதுக்குள்ள வந்துடுங்க அண்ணாத்தே" என்றார்.

ஆம்புலன்ஸின் பின்னால், பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஒடுக்கமான பலகை. அதில்தான் நான். முன்னால் வரச் சொல்லி ஓட்டுநர் இரண்டு தடவை கூப்பிட்டார். எனக்கு அவனைத் தனியாக விட மனமில்லை. நீளப்பெட்டி ஆதலால் வண்டிக்குள் இடமெல்லாம் அதற்கே சரியாகிவிட்டது. என் முட்டி இரண்டும் பெட்டியில் அழுந்தியிருந்தன. வண்டி குலுங்கும்போதெல்லாம் இடித்தன. கடப்பா வருவதற்குள் மரத்துவிட்டன. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கால் வைக்க இடமில்லை. அவன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். ரேணிகுண்டா வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன், பிறகு அழுதேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ரேடியோவை நிறுத்தினார்.

புத்தூர் தாண்டி, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் என்று தமிழ்ப் பலகைகள் வர ஆரம்பித்தன. நெமிலிச்சேரியில் திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. தெருமுனையிலிருந்தே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். காலையிலிருந்து காத்திருந்த முகங்கள். யாரும் என்னை ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எஸ்டேட் ஆட்கள் வந்து பெட்டியைத் தூக்கினார்கள். நான் இறங்க முயன்றபோது கால் நிற்கவில்லை, மைத்துனர் தாங்கிப் பிடித்தார்.

கூடத்தில் வைத்துத் திறந்தார்கள். அரை மணி நேரம்தான் வைத்திருக்க முடியும், கோயிலில் சாமியார் காத்திருக்கிறார், வெளிச்சம் போவதற்குள் கல்லறைக்குப் போக வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். மகள் அவன் முகத்தருகே உட்கார்ந்து கத்தி அழுதாள். மனைவி கால் பக்கம் போய் நின்றாள். வெள்ளைக் காலுறை போட்ட அந்தப் பெரிய பாதங்கள் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"வழியெல்லாம் ரொம்ப கஷ்டப்பட்டாராண்ணா?"

நான் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ப்ளேன்ல ஏத்தமாட்டேன்ட்டாங்களாமே. ஏத்தியிருந்தா கடசியா ஒரு வாட்டி சௌகரியமா வந்திருப்பாரு. அவருக்கு அந்த ப்ளேனுன்னா உசுரு. முட்டிவலிய வச்சிக்கினு இன்னும் எத்தினி வருசம் அலயப்போற, ஆபீஸ் வேலயா மாத்திக் கேளுன்னு நான் எத்தினியோ வாட்டி சண்ட போட்டிருக்கேன். உனுக்கு இன்னா தெரியும், அதுல சோபா மாதிரி சீட்டு, ஏறி உக்காந்தா கால நல்லா நீட்டிக்கினு தூங்கிடுவேன், எறங்கவே மனசு வராதுன்னுவாரு. ஒரு நாள் உன்னயும் கூட்டினு போறேன், நீயே பாருன்னாரு."

பெட்டிக்குள் கிடந்தவனைப் பார்த்தேன். அடப்பாவி என்று இருந்தது. அத்தனை வருஷமும் திட்டுகளையெல்லாம் என்னிடம் கொட்டிவிட்டு, வீட்டுக்கு வேறொரு விமானத்தில் வந்துகொண்டிருந்திருக்கிறான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"இல்லம்மா. இதுல ப்ளேன விட நல்லாத்தான் வந்தாரு. நான் பக்கத்துலயேதான இருந்தேன். வழி முழுக்க கால நல்லா நீட்டிக்கினு வந்தாரு" என்றேன்.

"நெஜமாவாண்ணா?"

"நெஜமாத்தாம்மா."

அவள் தலையாட்டினாள். நழுவியிருந்த ஒரு காலுறையை மேலே இழுத்துவிட்டாள். அதன் பிறகுதான் அழுதாள்.