மஞ்சள் ஒயரும் மாற்று வழியும்

‘துப்புரவுப் பணியாளர், மூன்றாம் நிலை. தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. சர்வர் அறையில் தரையைத் தவிர எதையும் தொடக்கூடாது, மீறினால் பணிநீக்கம்.’ முடிச்சூரின் அந்தச் சிறிய மருத்துவமனை முனியம்மாவைப் பற்றி எழுதி வைத்திருந்தது இவ்வளவுதான்.

ஆறு வருடமாக அந்த அறையைத் துடைத்தார். கண்ணை மூடிக்கொண்டு துடைக்க வேண்டும் என்று விதியில் இல்லை. ஆகவே பார்த்தார். ஒரு பெட்டியில் மஞ்சள் ஒயர், நீல ஒயர் என இரண்டு. ஸ்கேன் படங்கள் மஞ்சள் வழியாகக் குரோம்பேட்டை டாக்டருக்குப் போகும். நீலத்துக்கு வேலையே கிடையாது.

“சார், இது சும்மாவே கீதே, இன்னாத்துக்கு?” என்று நெட்வொர்க் பார்க்கும் யேசுதாசனிடம் கேட்டார்.

“மாற்று வழிம்மா. மஞ்சள் செத்தா பெட்டி தானா நீலத்துக்குப் போயிடும். அப்படி எழுதி வெச்சிருக்கேன்.”

“மஞ்சா செத்துப்போச்சுன்னு பொட்டிக்கு யாரு சொல்லுவா?”

இரண்டு சான்றிதழ்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்த யேசுதாசன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். ஒயர் இங்கே செருகியிருக்கும்வரை, தெருமுனையில் அறுந்தாலும் அந்தப் பெட்டி மஞ்சளைத்தான் நம்பும். நல்ல பெட்டி கேட்டு அவர் எழுதிய கடிதம் மேலே போய் அங்கேயே தங்கிவிட்டது.

“நான் இல்லாதப்ப அப்படி ஆச்சுன்னா மஞ்சளைப் பிடுங்கிடுங்க. பத்து எண்ணுங்க. நீலம் வந்துடும்.”

“என் வேலை பூட்ச்சின்னா?”

“என் வேலையத் தர்றேன்.”

“அத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஏசில குந்திக்கினு தூங்கணுமா?”

போன மார்ச்சில் ஒரு காலை, வாய் ஒரு பக்கம் கோணிப்போன ஒருவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். தலையை ஸ்கேன் எடுத்தாயிற்று. குரோம்பேட்டை டாக்டர் படத்தைப் பார்த்துச் சொன்னால்தான் ஊசி போடலாம். நேரம் கடந்தால் ஊசியால் பயனில்லை. படம் பாதியில் நின்றது. வெளியே கால்வாய்க்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

“பெட்டில லைட் பச்சையாத்தான்கா எரியுது,” என்றாள் ஸ்கேன் எடுக்கும் ஜென்சி. “யேசுதாசன் சாருக்கு நாலு தடவை போன் அடிச்சிட்டேன். பொண்ணு நிச்சயதார்த்தம், எடுக்க மாட்டேங்கிறாரு.”

நோயாளியின் மனைவி அவருடைய செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஓடாமல் நின்றவர் முனியம்மா ஒருவர்தான் என்பதால் அவரிடமே கேட்டாள்: “படம் போயிடுச்சாக்கா?”

முனியம்மா சர்வர் அறைக் கதவில் ‘எதையும் தொடக்கூடாது’ என்றிருந்த அறிவிப்பைப் பார்த்தார். பிறகு அந்தச் செருப்பைப் பார்த்தார்.

“போவும்மா. குந்து,” என்று சொல்லிவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறு மாதம் அந்த மனிதர் மெதுவாக, தானே செருப்பு மாட்டிக்கொண்டு வந்தார். அன்றைய கோளாறு பற்றிய அறிக்கையில் ‘இணைப்பு தானாகவே மாற்று வழிக்கு மாறியது’ என்று இருக்கிறது. முனியம்மாவின் வேலை போய்விடக் கூடாதே என்று யேசுதாசன் எழுதிய பொய் அது.

முனியம்மா மஞ்சள் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பத்து எண்ணினார்.