ஏழாவது இன்னிங்ஸில் தளர்ந்த கை

எண்பத்துநாலில் ரொறன்ரோவுக்கு வந்தேன். யாழ்ப்பாணத்தில் நான் படித்த புள்ளியியலுக்கு இங்கே கிடைத்தது பேஸ்போல் விளையாட்டுக் கணக்கு. மார்க்கம் என்ற பக்கத்து ஊரில் ஒரு வெள்ளைக்காரர், தன் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ரில் இருந்துகொண்டு ஆட்டக்காரர்களை எண்களால் எடைபோடுவார். அப்படியும் ஒரு தொழிலா என்று ஆட்கள் சிரித்த காலம். அணிகள் அவருடைய கடிதங்களுக்குப் பதில்கூடப் போடுவதில்லை. நாங்கள் குடியிருந்த மல்வேர்னில் இருந்து அவரிடம் வேலைக்கு பஸ்ஸில் போய், ஸ்கோர் தாள்களை நாள் முழுக்கக் கொம்பியூட்டரில் அடிப்பேன். ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை.

பார்க்கிறவர் என் கணவர். ஞாயிற்றுக்கிழமைகளில், தொழிற்சாலையில் நின்று வீங்கிய காலைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு ரீவிக்கு முன்னால் இருப்பார். அமெரிக்க அணியொன்றில் பந்து எறிகிற ஒருவரில் அவருக்குப் பெரிய விருப்பம்.

"என்ர வயசுதான். இன்னும் எறியிறான் பாரும்," என்பார்.

மூன்றாம் வருடம், அந்த ஆளின் ஆட்டங்களையே இன்னிங்ஸ் வாரியாகப் பிரித்துத் தரச் சொன்னார் முதலாளி. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஆறாவது வரைக்கும் ஒழுங்காக எறிந்திருந்தார். ஏழாவதில் அவருடைய பந்துகளை அடித்து நொறுக்கியிருந்தார்கள், வருடத்துக்கு வருடம் கூடுதலாக. எங்கேயாவது பிழை விட்டிருப்பேன் என்ற ஆசையில் மூன்று தரம் சரிபார்த்தேன். பிழை இல்லை.

முதலாளி அதை அந்த அணிக்கே அனுப்பினார். முதல் தடவையாகப் பதில் வந்தது. முதலாளியை ஆலோசகராகவும் எடுத்தார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தானே கோப்பி போட்டுத் தந்தார். அடுத்த பருவம் தொடங்கமுன்னர் அந்த ஆட்டக்காரரை அணியில் இருந்து நிற்பாட்டிவிட்டார்கள்.

கணவர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார்.

"ஆரோ கணக்குப் பாத்துச் சொன்னதாம். உம்மட முதலாளியே?"

"ஓம். பாத்தது நான்தான்."

காலைக் கதிரையில் இருந்து மெல்ல இறக்கினார்.

"கணக்குச் சரிதானே?"

"சரி."

"அப்ப என்ன செய்யிறது. சோத்தைப் போடும்."

அவர் கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த கிழமை முதலாளி, முப்பத்தைந்து வயது தாண்டிய பந்தெறிகாரர்களின் பட்டியல் ஒன்றை மேசையில் வைத்தார். வேலையை விட மனம் சொன்னது, வாடகை விடவில்லை. இன்னும் இரண்டு வருடம் அதையே செய்தேன். யார் யாரை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று விசாரிக்கவில்லை.

பிறகு மில்லிக்கன் பக்கம் ஒரு காப்புறுதிக் கந்தோரில் கிளார்க் வேலை கிடைத்தது. அங்கே ஒருவருடைய பிழைப்பும் என் கணக்கில் தொங்கவில்லை. முதல் மாதம் முழுக்க, வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உடுப்புக்கூட மாற்றாமல் படுத்துத் தூங்கினேன்.