பச்சை ஸ்டிக்கர் இல்லாத கேக்

இரண்டு வாரம் முன்பு ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைத்தேன். வேண்டுமென்று இல்லை. ஆனால் நன்றாக, திருத்தமாக, ஒரு ஸ்டார் போட்டு வைத்தேன்.

எங்கள் திருப்பதியில் ஒரு பேக்கரி. பேர் வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் கவுன்ட்டர் தெரியாது, முதுகுகள்தான் தெரியும். க்யூ என்ற ஒன்றே அங்கே கிடையாது. யார் குரல் பெரிதோ அவருக்கே பப்ஸ். நான் “கொஞ்சம் இங்கே பாருங்கோ” என்று மரியாதையாக நின்றுகொண்டிருப்பேன். மரியாதைக்கு அங்கே என்ன கிடைக்கும்? ஆறிப்போன பப்ஸ்!

பிறகு ஏன் போகிறாய் என்பீர்கள். எக்லெஸ் கேக் அங்கேதான் பஞ்சு மாதிரி இருக்கும். எங்களுடையது கோயில் கைங்கர்யக் குடும்பம். முட்டை எங்கள் வாசலைத் தாண்டி வந்ததில்லை. எக்லெஸ் என்றால் டப்பா மேல் வட்டமாக ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். அதைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

அந்தச் சனிக்கிழமை என் மகள் சுதாவுக்குப் பிறந்தநாள். பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். கடையில் இருபது நிமிஷம் இடிபட்டு நின்றேன். கவுன்ட்டரில் இருந்தவளின் பேட்ஜில் ‘செல்வி’ என்று இருந்தது.

“எக்லெஸ்தானே?” என்றேன். தலையை ஆட்டினாள். டப்பாவைக் கட்டி நீட்டிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டாள்.

வீட்டில் மெழுகுவத்தி ஏற்றியாயிற்று. சுதா கத்தியை எடுக்கிறாள்... நான் டப்பாவைப் பார்க்கிறேன். பச்சையைக் காணோம். மேலே இல்லை, பக்கத்தில் இல்லை, அடியிலும் இல்லை.

“கை வைக்காதே!”

நான் போட்ட கூச்சலில் மெழுகுவத்தியே அணைந்திருக்கும். கேக் அப்படியே கீழே இறங்கி, எங்களுக்கு வழக்கமாக ஆட்டோ ஓட்டும் முருகேசன் வீட்டுக்குப் போயிற்று. பிறந்தநாள்காரி தயிர்சாதம் சாப்பிட்டாள்.

எனக்கு வந்த கோபம்! போன் போட்டு முதலாளியைக் காய்ச்சி எடுத்தேன். அது போதாதென்று, நான் சொல்லச் சொல்ல சுதா மொபைலில் ரிவ்யூ எழுதினாள். ‘திருப்பதியில், சனிக்கிழமையில், முட்டை கேக்! கவுன்ட்டரில் செல்வி என்ற பெண் பொய் சொன்னாள்.’ ஆமாம், பேரோடு. எழுதி முடித்ததும் மனசு என்ன குளிர்ச்சி!

திங்கட்கிழமை முருகேசன் ஆட்டோவில் ஏறினேன்.

“கேக்கு சூப்பரும்மா. இன்னாத்துக்கு எங்களுக்குக் குடுத்துட்டீங்க?”

“முட்டை போட்டதுப்பா. பச்சை ஸ்டிக்கர் இல்லையே.”

அவர் சிரித்துவிட்டார். “சனிக்கெழம அந்தக் கடையில முட்டையே ஒடைக்க மாட்டாங்கம்மா. அல்லாமே எக்லெஸ்தான். அப்புறம் ஸ்டிக்கர் எதுக்கு? ஊருக்கே தெரியுமே!”

ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாது. ஏன்? சனிக்கிழமை எனக்கு விரதம். பாலும் பழமும்தான். வேறு எந்தச் சனிக்கிழமையும் நான் பேக்கரிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. சனிக்கிழமையை ஒழுங்காகக் கடைப்பிடித்த குற்றத்தால் சனிக்கிழமைச் சமாச்சாரமே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது... இதை யாரிடம் சொல்லி அழ?

ஆட்டோவைப் பேக்கரிக்குத் திருப்பச் சொன்னேன். கவுன்ட்டரில் செல்வி இல்லை.

“பின்னால ட்ரே கழுவுது மேடம்” என்றார் முதலாளி. “மாசக் கடைசியோட வேற வேலை பாத்துக்கோன்னு சொல்லிட்டேன்.”

“ஐயோ, தப்பு என்னோடது! ரிவ்யூவை இப்பவே அழிச்சுடச் சொல்றேன்.”

“அழிச்சா? அது எத்தன வாட்ஸ்அப் குரூப்புல சுத்துதோ! ‘சனிக்கிழமை முட்டை கேக் குடுத்த பொண்ணு இதானா’ன்னு நேரா வந்து கேக்கறாங்க. இந்த ஊர்ல சனிக்கிழமை நம்பிக்கை போச்சுன்னா கடையே போச்சு. ஏம் செய்யமண்டாரு?”

என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்ட அந்தக் குரலில் கோபமே இல்லை. பாவம், பயம்தான் இருந்தது.

செல்வி ஈரக் கையோடு வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். நான் மன்னிப்புக் கேட்டேன்.

“கோயில் வூட்டுக்காரங்க மாதிரி இருந்தீங்க. சனிக்கெழம பத்தி உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சுக்கினேம்மா” என்றாள். “புத்தலப்பட்டுலருந்து டெய்லி பஸ்ஸுல வந்து போய்க்கினு இருக்கறேன். இந்த வேல இருக்கறதாலதான் நைனாவ இங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு வர முடியுது. இதுவும் போச்சின்னா இன்னா பண்ணுவேன்?”

எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. இரண்டு கட்டை விரலால் தட்டிய நாலு வரி! அதில் இவளுடைய அப்பாவின் வைத்தியமும் சேர்ந்து போகும் என்று யார் யோசித்தோம்? ஸ்டார் போடுகிற இடத்தில் கடைதான் தெரிகிறது, ஆள் தெரிவதில்லை.

முதலாளியிடம் சொன்னேன்: “வர்ற சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் செல்வியைக் கவுன்ட்டர்ல நிறுத்துங்கோ. அப்புறம் உங்க இஷ்டம்.”

சனிக்கிழமை வந்தது. கடையில் நல்ல கூட்டம். முண்டியடித்து முன்னால் போனேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் கடையில் நின்று கத்தினேன், தமிழிலும் தெலுங்கிலும்.

“அந்த ரிவ்யூ எழுதினது நான்தான்! இந்தப் பொண்ணு பொய் சொல்லலை. தப்பு என்னோடது! தப்பு நாதி!”

கடையே திரும்பிப் பார்த்தது. “செல்வி, ஒரு பீஸ் வெட்டும்மா” என்றேன். நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தோடு, அத்தனை பேர் பார்க்க, அங்கேயே நின்று கேக்கைச் சாப்பிட்டேன்.

“மெதுவா துன்னுங்கம்மா” என்றாள் செல்வி. கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

பின்னாலிருந்து தெலுங்கில் ஒரு குரல், தனக்கும் அரைக் கிலோ கேட்டு: “அதே கேக்கு, நாக்கு அர கேஜி!”

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். “செல்வி, நாளைலேர்ந்து நீயே கவுன்ட்டர் பாத்துக்கோ. ட்ரேக்கு வேற ஆளப் போடறேன்.”

அப்படியானால் விரதம்? முறிந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

பெருமாளிடம் நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். செல்வியிடம்தான் சொல்ல வழியில்லாமல் இருந்தது.