கிளாரினெட்காரரின் மைக்

ஜெர்மன் நகர்ப்பகுதியான நொய்கெல்னில் எங்கள் தமிழ் ஆட்களின் விழாக்களுக்குச் சவுண்ட் பார்த்துப் பழகியவன் நான். அங்கே ஒரே விதிதான்: கூட்டு. மேடையில் பிள்ளை பாடத் தொடங்கியதும் தகப்பன் என்னிடம் ஓடிவருவார். "தம்பி, என்ர பிள்ளையின்ர சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ." குறைக்கச் சொல்லி இன்றுவரை ஒருவரும் வந்ததில்லை.

இந்த ஞானத்தோடுதான் ஒரு கிளெஸ்மர் குழுவுக்கு சவுண்ட் பார்க்கப் போனேன். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கலியாண இசை அது. எங்கள் நாதஸ்வரக் கோஷ்டிக்குச் சற்றும் சளைக்காத சத்தம். கிளாரினெட், ட்ரம்பெட், பெரிய மேளம். நடுவே, மேசைபோல் கிடக்கும் பெட்டியின் கம்பிகளைச் சின்னக் குச்சிகளால் தட்டிக்கொண்டு ஒரு பெண். வாசிக்கிறாளா, தூசி தட்டுகிறாளா என்று சபைக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறு மத்தியானம், ஒத்திகைக்கு முன் அவள் என்னிடம் வந்தாள். "இன்றைக்கும் அம்மா வருகிறார். ஆறு வருஷமாக வருகிறார், ஒருநாளும் நான் வாசித்தது அவருக்குக் கேட்டதில்லை. இன்றும் கேட்காவிட்டால் குழுவை விட்டுவிடுவேன்." சொல்லும்போதே குரல் உடைந்தது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

பாவம் பார்த்தால் எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். ஒத்திகையில் அவளுடைய மைக்கைக் கூட்டினேன். கிளாரினெட்காரருக்குத் தன் சத்தம் தனக்கே கேட்கவில்லை. மூச்சைப் பிடித்து ஊதினார். நான் இன்னும் கூட்டினேன். ஸ்பீக்கர் ஊளையிட்டது. கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

அப்போதுதான் எங்கள் மண்டபங்களில் கற்ற இன்னொரு வித்தை நினைவுக்கு வந்தது. சிறப்புரைக்கு ஏறியவர் முக்கால் மணி நேரமாகியும் இறங்காவிட்டால், சபைக்குப் போகும் சத்தத்தை மெல்ல மெல்லக் குறைப்பேன். அவர் பக்கம் திரும்பியிருக்கும் காலடி ஸ்பீக்கரில் மட்டும் விட்டுவைப்பேன். மனிதர் தன் குரலைத் தானே ரசித்துக்கொண்டிருப்பார். சனம் வடை சாப்பிடப் போய்விடும்.

கச்சேரியில் கிளாரினெட்டுக்கும் ட்ரம்பெட்டுக்கும் அதே மரியாதையைச் செய்தேன். சபைக்கு ஒன்றுமில்லை, காலடியில் தாராளம். தன் சத்தம் காதுநிறையக் கேட்டதும் கிளாரினெட்காரர் கண்ணை மூடிக்கொண்டு மென்மையாக ஊதத் தொடங்கினார். கம்பிப்பெட்டியின் சத்தம் மெல்ல வெளியே வந்தது.

முடிந்ததும் கிளாரினெட்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இன்றைக்குத்தான் என் சத்தம் சரியாக இருந்தது." நான் கூச்சமில்லாமல் தலையாட்டினேன்.

பின்னாலேயே அவள் ஓடிவந்தாள். முகம் சிவந்து, கண் கலங்கியிருந்தது.

"மூன்றாவது பாட்டில் ஓரிடத்தில் பிழையாகத் தட்டினேனாம். அம்மா சொல்கிறார்!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.