நீர்மூழ்கியில் கட்டம் போட்ட போர்வை

பதினெட்டு வருடம் நான் பார்த்த வேலை, பிறர் செய்ததில் குறை கண்டுபிடிப்பது. மராத்தி பேசுகிற ஊர்ப்பக்கம், போசரியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். மிஷினிலிருந்து வரும் உருப்படிகளை வெர்னியர் வைத்து அளந்து, அளவு தப்பியதன் மேல் சிவப்பு பெயிண்டால் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டு வைத்தது திரும்ப நல்ல தட்டுக்குள் நுழைய முடியாது. பூட்டிய பெட்டிக்குப் போய்விடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது. எதைப் பார்த்தாலும் எங்கே கோணல் என்றுதான் கண் தேடும்.

இப்படிப்பட்டவன் பொழுதுபோக்கென்று பிடித்துக்கொண்டதும் ஓய்வு தருகிற சமாசாரமாக இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் லட்சுமி ரோடு நடைபாதையில் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகை கிடைத்தது. நடுவே மடித்துவைத்த பெரிய தாளில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலை நீளவாக்கில் பிளந்து காட்டியிருந்தார்கள். எஞ்சின், டார்பிடோ குழாய், சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் அளவோடு. நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் செய்வது என்று முடிவெடுத்தேன். நாலங்குல பி.வி.சி. குழாய்தான் உடம்பு. ஒரு பக்கத்தை வெட்டித் திறந்தால் உள்ளே இருப்பது தெரியும். நீளம் நாலரை அடி. எங்களுக்கு இருந்ததோ ஒரு ரூமும் ஒரு கிச்சனும்.

"இத எங்கீங்க வெக்கறது?" என்று மட்டும் கேட்டாள் என் மனைவி. பீரோவுக்கு மேல் ஒரு பலகை போட்டேன்.

அவள் பள்ளிக்கூட டீச்சர். காலையில் அவள் கிளம்பிப் போனபின் நான் மூன்றாம் ஷிப்ட் முடிந்து வருவேன். எனக்கு வியாழக்கிழமை விடுமுறை, அவளுக்கு ஞாயிறு. ஒரே வீட்டில் இருந்தோம் என்பதை அக்கம்பக்கத்தார் சொன்னால்தான் உண்டு. அந்தக் கப்பலைப் பற்றி நான் சொன்னதில் அவளுக்குப் பிடித்தது ஒரே ஒரு விஷயம்: இரண்டு பேருக்கு ஒரு படுக்கை, ஒருவன் எழுந்து வேலைக்குப் போனால் அடுத்தவன் அந்தச் சூட்டிலேயே வந்து படுப்பான். "நம்மளாட்டந்தான்" என்று சிரித்தாள். வேலைவிட்டு வந்து நான் படுக்கும்போது அவள் படுத்த இடம் சில நாள் இன்னும் வெதுவெதுப்பாக இருப்பது போலத் தோன்றும்.

சாமான்களை ஒவ்வொன்றாகச் செய்தேன். தொழிற்சாலைப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சிவப்பு பெயிண்ட் புட்டி ஒன்று, ஒரு தீக்குச்சி. அளவு தப்பியதற்குப் பொட்டு வைத்து பிஸ்கட் டப்பாவுக்குள் போடுவேன். பெரிஸ்கோப் மட்டும் ஆறு முறை டப்பாவுக்குப் போனது. எனக்கும் அதே சட்டம்தான் என்பதில் அப்போது ஒரு பெருமை இருந்தது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் முன் வைத்தாள். உள்ளே பாதி விரல் நீளத்துக்கு இருபத்திநாலு துணித்துண்டுகள். நீலக் கட்டம் போட்ட பழைய தலையணை உறையை வெட்டி, நாலு ஓரமும் மடித்துத் தைத்திருந்தாள். நான் பகல் தூக்கத்தில் இருந்த நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகளின் வேலை அது.

"என்ன இது?"

"சாதருங்க, போர்வ. படுக்கைக்கு ஒண்ணு. ரெண்டு பேருக்கு ஒண்ணு போதும்னு நீங்கதான சொன்னீங்க."

வெர்னியரை எடுத்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. முதலில் எடுத்தது வெர்னியரைத்தான். நீளம் சரி, அகலம் சரி. "அளவெல்லாம் சரிதான்" என்றேன். "ஆனா கட்டம் போட்டிருக்கே. சண்டைக்குப் போற கப்பல்ல எவன் கட்டம் போட்ட போர்வையப் போத்துவான்? சாம்பல் கலராத்தான் இருக்கும்."

"சாம்பல்னு அந்தப் படத்துல போட்டிருக்குதுங்களா?"

போட்டிருக்கவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. பெயிண்ட் புட்டியைத் திறந்து, தீக்குச்சியால் ஒவ்வொன்றின் நடுவிலும் பொட்டு வைத்தேன். இருபத்திநாலும் முடியும்வரை அவள் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய் அரிசி களைந்தாள். அதற்குப் பின் பீரோவைத் துடைப்பாள், பலகையைத் தொடமாட்டாள். கப்பல் எதுவரை வந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

வருடங்கள் போயின. கம்பெனி ஊருக்கு வெளியே சாகணுக்கு மாறியது. நாங்கள் பாணேரில் கொஞ்சம் பெரிய வீட்டுக்கு வந்தோம். போக வர மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே கழிந்தது. கப்பலுக்குத் தனி மேஜை கிடைத்தபோது அதன் முன் உட்கார எனக்குத் தெம்பு இல்லை. ஆனாலும் விடவில்லை. ஏன் விடவில்லை என்று கேட்டால், பாதியில் நிறுத்தினால் அதுவும் ரிஜெக்ட்தானே என்று ஒரு பயம். படுக்கைகள் மட்டும் வெறுமையாகவே கிடந்தன. சாம்பல் துணி எதை வைத்தாலும் கந்தல் போல்தான் தெரிந்தது.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வந்த பிறகு, ஒரு மதியம் அதே வகைக் கப்பலின் படங்களைத் தேடினேன். ஒன்றைக் கரையேற்றிப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். உள்ளே ஆள் நுழையச் சிரமப்படும் இடத்தில் வரிசையாகப் படுக்கைகள். ஒவ்வொன்றின் மேலும் நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட துணி. இன்னும் நாலு இடத்தில் தேடினேன். எல்லாவற்றிலும் கட்டம்.

வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டப்பாவைத் தேடி எடுத்தேன். இருபத்திநாலும் இருந்தன, நடுவில் காய்ந்து விறைத்த சிவப்போடு. எங்கள் தொழிலில் பொட்டே தவறென்று தெரிந்தாலும், வைத்தவனே அதைத் திரும்பப் பாஸ் செய்ய முடியாது. வேறொருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். டப்பாவையும், பக்கத்தில் கப்பலையும் கொண்டுவந்து வைத்தேன்.

"கட்டந்தான் சரி. படத்துல பாத்தேன். தப்புப் பண்ணினது நான்."

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பெயிண்ட் மறுபக்கமும் ஊறியிருந்தது. "எத்தன வருசமாச்சுங்க" என்றாள், யாருக்கோ சொல்வது போல. பிறகு அதை மூன்றாக மடித்தாள். சிவப்பு உள்ளே போய்விட்டது. "எந்திரிச்சு வேலைக்குப் போனவன் மடிச்சு வெச்சுட்டுத்தான போயிருப்பான்" என்று சொல்லி, முதல் படுக்கையில் விரல்நுனியால் வைத்தாள். இத்தனை வருடத்தில் அந்தக் கப்பலை அவள் தொட்டது அப்போதுதான்.

டப்பாவை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் அதை என் பக்கமே திருப்பித் தள்ளினாள். "மிச்சத்த நீங்களே மடிங்க. அன்னிக்கு இருபத்திநாலையும் நான்தான தெச்சேன்."

இருபத்திமூன்றையும் மடித்தேன். எதிரிலேயே இருந்தும், சரியாக மடிக்கிறேனா என்று அவள் விடைத்தாளிலிருந்து ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.