ஒரு சொட்டும் ஒழுகக்கூடாது

ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் கழிவுநீர்த் தொட்டிக்கு அவர்தான் அதிகாரி. தொட்டி ஒழுகி எங்கள் தெருக் கிணறு பழுப்பாகிவிட்டதென்று மனு கொடுக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.

மூக்கு நுனியில் கண்ணாடியோடு, திறந்துபோட்ட கம்ப்யூட்டர் முன்னால் குப்புறப் படுத்திருந்தார். அதன் சூட்டைத் தணிக்க முதன்முதலாகத் தண்ணீர்க் குழாய் பொருத்தியிருந்தார். குழாயில் தண்ணீரைச் சுற்றவிட மீன்தொட்டி மோட்டார் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. குழாய் மூட்டுகளுக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்து, தொட்டுத் தொட்டு ஈரம் பார்த்தார்.

“நேத்துலருந்து ஓடுது சார். ஒரு சொட்டு லீக் இல்ல.”

“இன்னா தண்ணி சார் ஊத்தினீங்க?”

“டிஸ்டில்டு வாட்டர். நம்ம ஊரு தண்ணின்னா ஒரே மாசத்துல உள்ள இருக்கிற செம்ப அரிச்சிடும்.”

“அதைத்தான் சார் நாங்க குடிக்கிறோம்.”

“நீங்க காய்ச்சிக் குடிச்சிக்கலாம். இது ப்ராசஸர் சார், பாவம்.”

மனுவை நீட்டினேன். “தொட்டியில லீக்கே இல்லன்னு போன மாசமே எழுதிக் குடுத்துட்டேனே,” என்றபடி வாங்கியவர், அதை நான்காக மடித்து இன்னொரு மூட்டுக்கு அடியில் செருகினார்.

சண்டை போடத்தான் போயிருந்தேன். ஆனால் அவ்வளவு பொறுப்பாக வேலை பார்க்கும் மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.